சமரமும் சமரசமும்

ராசிங்காபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேவிக்கு ராக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொன்னுமணி படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. நீயும் உன் மகளும் மலையில் நலமாக இருக்க வேண்டும்.

போன் போட்டால் "சோலியா இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் ஜீப்பு ஓட்டும் அருள்பாண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தோட்டத்தில் விழுந்து உடைந்த பொன்னுமணியின் இடுப்பெலும்பு இன்னும் கூடவில்லை. மழையில் வழுக்குகிற சரிவில் ஏலக்காய் எடுக்க இறக்கிவிட்டவர்களே, அப்படி ஒரு ஆள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்கிறார்கள். யூனியன் ஆபீசுக்குப் போனேன். போடியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் மெம்பர் இல்லையே சேச்சி என்று செக்ரட்டரி பிரபாகரன் கையை விரித்துவிட்டான். என் மகன் கார்த்தி, புதுச் சட்டப்படி எல்லாருக்கும் வேலைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறான். முன்கூட்டி நோட்டீசு கொடுக்காமல் நாங்கள் ஜீப்பு ஏறாமல் நின்றால் தப்பு என்றும் அவனேதான் சொல்கிறான். விழுந்தால் நாங்கள் தொழிலாளி இல்லை, ஏறாமல் நின்றால் மட்டும் தொழிலாளியா? வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோற்றை அவனையே போட்டுச் சாப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

யூனியனே வேண்டாம் என்று நம் ஜீப்புப் பெண்களில் பாதிப்பேர் பேசுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சமரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாளைக்குச் சமரம் என்று யூனியன்காரர்கள் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பாஷையில் அது வேலைநிறுத்தம் என்று நமக்கு எங்கே தெரியும்? சமரசம் என்று காதில் வாங்கிக்கொண்டு, சண்டை தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் பூ வைத்துக்கொண்டு ஜீப்பு ஏறினோம். கொடியோடு வழிமறித்து நின்றவர்கள் நம்மை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நீ கும்பிடு வேறு போட்டாய். அவர்கள் கருங்காலி என்று ஏச, நீதான் இறங்கிப் போய், "எங்க ஊர்ல சமரசம்னா சண்டை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்ண்ணே" என்றாய். ஏசியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொன்னுமணி நம் தூக்குச்சட்டி எல்லாவற்றையும் திறந்து அவர்களுக்குப் பரிமாறினாள். நாமும் சாயங்காலம் வரை கூடவே உட்கார்ந்து கோஷம் போட்டோம், பாதி வார்த்தை புரியாமலே. அப்படி ஒரு நாள் பிறகு வரவேயில்லை தேவி.

மேலே நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்குப் போனசும் எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடும் அந்தச் சமரத்தில்தான் கிடைத்தது. நீ அங்கேயே வாக்கப்பட்டு, நிரந்தரமாகி, லயத்தில் குடியேறியது அதற்கப்புறம். நமக்கு ஒன்றும் வரவில்லையே என்று நான் முனகினால், "அவுகளுக்குக் கெடச்சா நாளைக்கு நமக்கும் கெடைக்கும்டி" என்று பொன்னுமணி என்னை அடக்குவாள். இன்னமும் அதையேதான் சொல்கிறாள்.

வருகிற வியாழக்கிழமை லேபர் ஆபீசர் எஸ்டேட்டுக்கு விசாரிக்க வருகிறார். அவள் விழுந்தபோது பக்கத்துச் செடியில் நின்றது நீ. தூக்கி உட்கார வைத்ததும் நீ. வாயைத் திறந்தால் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயப்படுகிறாய். பயப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பது நானா?

உனக்கு எழுத வேண்டாம் என்று பொன்னுமணி தடுத்தாள். "பொம்பளப்புள்ளைய வச்சிருக்கா, அவள எதுக்கு இழுக்குற" என்கிறாள். உன் மேல் அவளுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீடு போனால் என் வீடு இருக்கிறது. நீயும் உன் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். யூனியனைப் பற்றியும் எஸ்டேட்டைப் பற்றியும் நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். பொன்னுமணி அன்றைக்கு வேலைக்கு வந்தாள் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
ராக்கு