கொம்பின் மேல் சிவப்புப் பொட்டு

ஓபர்லைன், திரோல்
20 பிப்ரவரி 1994

அன்புள்ள வெண்டலின்,

நலம்தானே? இடுப்பு வலியைத் தவிர இங்கே எனக்கும் குறையில்லை. என்னவள் ஃபிலோமினா உயிரோடு இருந்திருந்தால் தலையில் தட்டி இந்தக் கடிதத்தை எப்போதோ எழுத வைத்திருப்பாள்.

போன பருவத்தில் சுட்ட கொம்புகளையெல்லாம் மண்டபத்தில் மாட்டித் தீர்ப்புச் சொல்லும் கொம்புக் கண்காட்சி இந்த வருஷம் ஏப்ரல் பத்தாம் தேதி. அன்றோடு வேட்டைத் தலைவர் பொறுப்பை விடுகிறேன். நீ லின்ஸிலிருந்து வந்து முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். இப்போதைய ஆட்கள் கொம்பைக் கண்டதும் சொக்கிப்போகிறார்கள். போன அக்டோபரில் ரொட்டிக்கடைக்காரர், "பதினாலு கிளைங்க, பதினாலு!" என்று குதித்தார். எண்ணினால் பத்து. மீதி நாலும் பின்னால் நின்ற செடி!

பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, ஒரே தொலைநோக்கியை நாம் மாற்றி மாற்றிப் பார்த்த நாட்களை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். காது நீளத்தை அளவாக வைத்துக் கொம்பின் அகலத்தை நீ சொல்வாய். விரற்கடை கூடப் பிசகாது. உன் கண் ஒருநாளும் தப்பியதில்லை. அவசியம் வா.

உன்
கஸ்ஸியன்

லின்ஸ்
6 மார்ச் 1994

அன்புள்ள கஸ்ஸியன்,

கடிதம் கிடைத்தது. என் மகள் இர்ம்கார்டுக்கு இரண்டாவதும் பெண். தாயும் சேயும் நலம்.

ஒருநாளும் தப்பியதில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒருநாள் தப்பியது, அதை ஊரே பார்த்தது. 1971-இல் மண்டபச் சுவரில் முந்நூறு கொம்புகள் தொங்கின. அத்தனையிலும் என் பெயர் எழுதிய ஒன்றில் மட்டும், தவறாகச் சுட்டதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு. தாடைப் பற்களைப் பார்த்து ஏழு வயது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கொம்பு நுனியில் கிரீடம் போல் கிளை விரிந்த கலைமானைப் பத்து வயதுக்கு முன்னால் சுடக் கூடாது என்பது நம் ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "இவனுக்கா தலைவர் பதவி? முதல்ல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு நினைவிருக்கும்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. அன்று பக்கத்தில் படுத்துப் பார்த்த நீயும்தான் ஏமாந்தாய். ஆனால் அந்த மண்டபத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. என்னை விட்டுவிடு.

அன்புடன்
வெண்டலின்

ஓபர்லைன்
13 மார்ச் 1994

வெண்டலின்,

நான் ஏமாறவில்லை.

இதை எழுத மூன்று நாள் ஆனது. நீ அதைச் சுடுவதற்கு முந்தைய நாலு வருஷமும் குளிர்காலத் தீவனக் கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. அந்தக் கலைமான் வருஷா வருஷம் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கொம்பை உதிர்த்தது. ஒவ்வொரு ஜோடியையும் நான்தான் பொறுக்கினேன். நாலு வருஷத்துக்கு நாலு ஜோடி. முதல் ஜோடி மூன்று வயசுச் சின்னப் பயலின் கொம்பு. அதன் வயது ஏழுதான் என்று எனக்கு அட்சர சுத்தமாகத் தெரியும்.

அன்று நீ தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "டேய், கழுத்து ஒல்லியா இருக்குடா. நடையும் துள்ளுது. சின்னவன் மாதிரில்ல தெரியுது?"

"பன்னெண்டு வயசுடா. எத்தன வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? சுடு" என்றேன்.

பழைய தலைவர் விலகப்போகிறார், நீயா நானா என்று பேச்சு இருந்தது. உன் கண்ணுக்கு முன்னால் நான் ஜெயிக்க முடியாது. அந்தப் பொறாமையில்தான் சொன்னேன். பரணில் இருக்கும் நாலு ஜோடியையும் கண்காட்சியில் மாட்டி, என் வாயாலேயே எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். நீ அங்கே இருக்க வேண்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கஸ்ஸியன்

லின்ஸ்
27 மார்ச் 1994

கஸ்ஸியன்,

தலைவர் பதவியை நீ எடுத்துக்கொண்டதை மன்னித்துவிட்டேன். நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்று நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். கழுத்து ஒல்லி என்று என் கண் சொன்னது, நான் உன்னை நம்பினேன். பல்லைப் பார்த்து ஏழு என்றவர்கள் என் வார்த்தையைத்தான் மெய்யாக்கினார்கள். எனக்கோ சிவப்புப் பொட்டும் சிரிப்பும் மட்டுமே தெரிந்தன. இருபத்துமூன்று வருஷமாக என் கண்ணை நானே நம்பவில்லை. ஊரை விட்டு வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்த உருக்காலையில் மேஸ்திரி, "இந்தப் பத்தவைப்பு நேரா இருக்கா பாருங்க" என்றால், "வேற ஆளக் கேளுங்க" என்று நகர்ந்துவிடுவேன். இர்ம்கார்ட் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று ஒருவனைக் கூட்டிவந்து, "எப்படிப்பா இருக்கார்?" என்று கேட்டாள். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. "எனக்கென்னம்மா தெரியும்" என்றேன். இரண்டாவது பிறக்குமுன்பே அவளை விட்டுப் போய்விட்டான்.

நேற்றுப் பூங்காவில் ஒரு அம்மாள் வேட்டைநாயோடு உட்கார்ந்திருந்தார். அதன் முதுகையும் நடையையும் பார்த்து, "ஒம்பது வயசு இருக்குமா?" என்று கேட்டேன். "போன மாசந்தாங்க ஒம்பது முடிஞ்சுது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அம்மாள் பயந்துபோனார்.

எனக்கு இடம் பிடித்து வைக்காதே. ஊரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. பதவியை எடுத்தவனோடு உட்கார்ந்து குடிப்பேன். என் கண்ணை எடுத்தவனை மன்னிக்க இன்னும் சில வருஷம் வேண்டும். நம் வயதில் அத்தனை வருஷம் நமக்கு இருக்குமா, தெரியவில்லை.

வெண்டலின்