துவைத்த சட்டை

மேற்கு வர்ஜீனியா,
நவம்பர்

என் அன்பே,

எங்கே போனாய் என்று கேட்க மாட்டேன். இதை உன் அக்கா வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கே வந்தால் தருவாள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் பச்சிளம் மகளுக்கு நடுக்கம் இன்னும் நிற்கவில்லை; வயிற்றில் இருந்தபோது உன்னிடமிருந்து போன போதை மருந்து இறங்கும்வரை இப்படித்தானாம். கிறீச்சிட்டு அழுகிறாள், குடித்த பாலைக் கக்குகிறாள். விளக்கைக் குறைத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, நானும் நர்ஸ்களும் மாறி மாறித் தூக்கி வைத்திருக்கிறோம்.

அம்மா வாசனை பட்டால் கொஞ்சம் அடங்குவாள், நீ போட்ட துணி ஏதாவது கொண்டு வா என்றாள் நர்ஸ் வெர்னா. மான் வேட்டைக்கு நீ போடும் கம்பளிச் சட்டை மட்டும்தான் வீட்டில் இருந்தது. அழுக்கோடு கொடுத்தால் நம்மைப் பற்றி இன்னும் என்ன நினைப்பார்களோ என்று சோப்புப் போட்டுத் துவைத்துக் கொண்டுபோனேன்.

வெர்னா மோந்து பார்த்தாள். "அட மனுஷா, துவைச்சுட்டியா? அவ வாசனையைத்தானய்யா கேட்டேன்!"

"வேற எதுவும் இல்லக்கா."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. நடுக்கம் அடங்கத் தரும் மார்ஃபீன் சொட்டை மகளின் நாக்கில் விட்டாள். சற்று நேரத்தில் குழந்தையின் கண் பாதி மூடி, வாய் தளர்ந்தது.

"பாரு, அப்படியே உன் ஜாடை" என்று தேற்றினாள்.

இல்லை. குளியலறைத் தரையிலிருந்து உன்னைத் தூக்கும்போதெல்லாம் நான் பார்த்த முகம் அது.

உன் வீட்டுக்காரன்