ஒரே ஒரு ரிங்

ஆவணி 5, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மருமகள் செல்வி காளவாசல் முக்குக்குக் கூட்டிப் போனாள். புது போன் கம்பெனி, குடை போட்டு சிம் கொடுக்கிறார்கள். எனக்கு இது நாலாவது கம்பெனி. முதலாவது மூடியது. இரண்டாவதை எவனோ வாங்கினான். மூன்றாவதுக்கு வீட்டுக்குள் டவர் இல்லை.

"அம்புட்டுப் பேச்சும் ஃப்ரீ அப்பத்தா," குடைக்காரி.

"நம்பர் மாறக் கூடாது."

"கம்பெனி மட்டுந்தான் மாறும்."

கைரேகை ஐந்தாவது தடவைதான் விழுந்தது. பாத்திரம் தேய்த்த விரல். கால்வலி.

ஆவணி 6, வெள்ளி

பழைய சிம் செத்தது. புதுசுக்கு உயிர் வரவில்லை. இன்று பார்த்தா?

சோழவந்தான் தங்கை பேச்சியோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. என் மகள் கல்யாணப் பந்தியில், சம்பந்தி காதுபட, "உப்புப் போடத் தெரியாத வீடு" என்றாள். பச்சை ரவிக்கை, மூன்றாவது வரிசை. மறப்பேனா?

ஆனால் வெள்ளி காலை ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். செவ்வாய் நான். உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். எடுப்பதில்லை.

ஆவணி 8, ஞாயிறு

சிம் வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை அடித்தாளா, தெரியாது. "போன் செத்திருந்தா எப்படித் தெரியும் அத்த?" செல்வி. புளி தீர்ந்தது.

ஆவணி 10, செவ்வாய்

அவள் நம்பரை அழுத்தினேன். உபயோகத்தில் இல்லை என்கிறாள் ஒருத்தி. மூன்று தடவையும் அதே பேச்சு.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் கால் விரல் எடுத்தார்கள். யாரிடமாவது விசாரிக்கலாம். விசாரித்தால் நான் இறங்கி வந்ததாக ஆகும். சோறு இறங்கவில்லை.

ஆவணி 12, வியாழன்

மழை போல இருட்டி, ஏமாற்றியது. துணி மடிக்கவில்லை. உடம்பு அசதி.

ஆவணி 13, வெள்ளி

காலை ஏழு மணி. ஒரு ரிங். கட். தெரியாத நம்பர். தெரிந்தவர் நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம், இது அதில் இல்லை.

திருப்பி அழுத்தினேன்.

"என்னக்கா, கூப்பிட்டுட்ட?"

பேச்சி.

"நம்பர ஏண்டி மாத்துன?"

"இங்கயும் புதுக் கம்பெனி வந்துச்சு. தலையில கட்டிட்டான். அத விடு. போன வெள்ளி ஒம் போனு ஏன் அடிக்கல? எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா?"

"பயந்தவ வந்து பாக்கறது."

"நீ வந்தியாக்கும்?"

உப்பு விஷயத்துக்கு மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் அதை மறக்கவில்லை. இருவரும் கட் பண்ணவும் இல்லை. அவள் வீட்டுக் குக்கர் நாலு விசில் அடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.