நோட்டில் ஏறாத ஒன்பது பிள்ளைகள்

11-11-85, திங்கள்

கொடிக்காலில் வெற்றிலை கிள்ள மூன்று ஆள்தான் வந்தது. சௌந்திரமும் இறங்கிக் கிள்ளினாள். என் மகன் செங்கோட்டையனின் மகள், பன்னிரண்டு வயசு. போன வருஷம் அஞ்சாவது முடித்தாள். நம்மூர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. என் காலத்திலும் அதோடு சரிதான். கணக்கில் நான்தான் முதல். யார் கேட்டார்கள்?

கை வேகம் என்னைப் போலவே. ஆனால் கிள்ளும்போது வாய்க்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறாள். யாருக்கு ஒப்பிக்க?

13-11-85

பேன்ட் போட்டவன் நோட்டோடு வந்தால் சுதாரித்துக்கொள்ளலாம். இன்றைக்கு வந்தது தாவணி போட்ட பிள்ளை.

"ஏனுங்க ஆத்தா, உள்ள வரலாங்களா?"

"அங்கயே நில்லு சாமி. நீ யாரு ஊட்டுப் பிள்ளை?"

பேர் வசந்தாமணியாம். கபிலர்மலைப் பக்கம். நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறதாம், இங்கே பக்கத்து வேலூர் இளைஞர் மன்றத்தில் இருக்கிறதாம். இது இளைஞர் ஆண்டாம். வாய்க்கால் ஓரத்து ஊர்களில் ஒன்றுக்கு ஆறாம் வகுப்பு வருமாம். எந்த ஊருக்குத் தேவை என்று இதுகள் எழுதிக் கொடுத்தால் சேலத்தில் கேட்பார்களாம். அஞ்சாவதோடு நின்று வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை என்று எந்தப் பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலும் இல்லையாம். அதனால் வீடு வீடாக வருகிறதாம்.

"உனக்கு ஓட்டு இருக்குதா?"

"இல்லைங்க. பத்தொன்பதுதான் ஆகுது. இருபத்தொண்ணு ஆகோணும்."

"ஓட்டே இல்லாத பிள்ளை பேச்சைச் சர்க்கார் கேக்குமாக்கும்?"

சிரித்தது. "கேக்கறாங்களான்னு பாக்கத்தானுங்க எழுதறோம்."

வாய் இருக்கிறது. தாளை வாங்கிப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அது நினைக்கவில்லை. முதல் கேள்வி: நிலம் எத்தனை ஏக்கர், யார் பேரில்? அடுத்தது மாடு. அதற்கும் கீழேதான் பெண் பிள்ளைகள் பேரும் வயசும்.

அங்கேதான் புரிந்தது. எழுபத்திரண்டில் ஒருவன் இப்படித்தான் மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனான். பெரிய மாமனார் வீட்டுக் கிணற்றுமேட்டு நிலம் உச்சவரம்புக்கு மேல் உபரி என்று சர்க்காருக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஊரில் எல்லாரும் பெண் பிள்ளைகள் பேரில் எழுதிவைத்தோம். சௌந்திரம் பேரில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. இப்போது நிலத்தையும் பெண் பிள்ளையையும் ஒரே தாளில் கேட்டால் என்ன அர்த்தம்?

அந்த நேரம் பார்த்து சௌந்திரம் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"இது சேந்தமங்கலத்துப் பிள்ளைங்க. எம் மருமக அண்ணன் மகள். விருந்துக்கு வந்திருக்குது" என்றேன்.

எழுதிக்கொண்டது. சௌந்திரம் என்னையே பார்த்தாள்.

அது அடுத்த வீட்டு வாசல் ஏறுமுன் நான் புழக்கடை வழியாக ஏழு வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

14-11-85

எட்டு வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை. "அக்கா மட்டும் படிச்சுப் பாக்காட்டி நாமெல்லாம் மாட்டியிருப்பமுங்க" என்கிறாள் அடுத்த வீட்டுச் சுப்பம்மாள். அஞ்சாவது படித்தது வீண் போகவில்லை.

2-12-85

வேலூர்ச் சந்தையில் நோட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். கும்பிட்டது. எதற்குக் கும்பிடுகிறது?

19-1-86, ஞாயிறு

எழுதினதைச் சேலத்துக்கு அனுப்புமுன் ஊரில் படித்துக் காட்டவேண்டும் என்று இதுகளே ஒரு சட்டம் வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கூட்டம். நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் போனேன். நிலம் பற்றி ஒரே வரி. குறுநிலக்காரர் இத்தனை வீடு, முடிந்தது. மீதி எல்லாம் பள்ளிக்கூடம்.

"அஞ்சாவதோட நின்ன பெண் பிள்ளைகள், இந்த ஊர்ல ரெண்டு. கரையூர்ல பத்து. அதனால ஆறாம் வகுப்பு கரையூருக்குக் குடுக்கோணும்னு எழுதறோம்."

வாத்தியார் காளியண்ணன் எழுந்தார். "ரெண்டா? என்னம்மிணி சொல்றே? எங்கிட்டப் படிச்சுட்டு நிக்கறதே பத்துக்கு மேல இருக்குமே?"

"வீட்டுக்காரங்க சொன்னதைத்தானுங்க எழுதினோம்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ரெண்டும் ஒன்பதும் பதினொன்று. பத்தைவிடப் பெரிசு. இதற்கு அஞ்சாவது வேண்டாம், ஒன்றாவதே போதும்.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஏன்? இது நாடகமாகவும் இருக்கலாம் அல்லவா, நம் வாயாலேயே பிள்ளைகள் பேரை வாங்குவதற்கு?

20-1-86

சௌந்திரம் வாய்ப்பாடு சொல்லவில்லை. சாயங்காலம் கேட்டாள்: "ஏனாத்தா, உண்மையாலுமே ஆறாவது வரதா இருந்துதா?"

25-1-86, சனி

இரண்டாம் நம்பர் பஸ்ஸில் வேலூர் போனேன். மருமகளிடம் கண் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனேன். லைப்ரரிக்குப் பின்னால் ஓட்டுக்கட்டிடம், அதுதான் மன்றம். வசந்தாமணியும் இரண்டு பையன்களும் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளை என் பேத்திதான், சேந்தமங்கலம் இல்லை என்றேன். எட்டு வீட்டையும் சொன்னேன். ஒரு பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

"ஏனுங்க ஆத்தா மறைச்சீங்க?"

எழுபத்திரண்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதினாள். "என்னத்த எழுதறே? படி."

படித்தாள்: "பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் தாளில் நிலத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் மக்கள் பிள்ளைகளை மறைக்கிறார்கள். இனிமேல் எந்தக் கணக்கெடுப்பிலும் இரண்டையும் தனித்தனியாக வைக்கவேண்டும்." இதுவும் சேலத்துக்குப் போகுமாம்.

"எம் பேரைப் போட்டியா?"

"பயப்படாதீங்க, போடலைங்க."

"ஏன் போடலை? சொன்னது நானு."

போட்டாள். சென்னியம்மாள், அஞ்சாம் வகுப்பு என்று. எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆனால் என் வாய்ச்சொல்லை வைத்து எட்டு வீட்டையும் சேர்க்கமாட்டாளாம். "நாளைக்குக் கரையூர்க்காரங்க கேட்டா நான் என்னங்க சொல்றது? ஊட்டுக்காரங்களே வரோணும். ரெண்டாந்தேதி உங்க பள்ளிக்கூடத்துல உக்காந்திருப்போம்."

கண்டிப்பான பிள்ளை. கரையூர்க்காரர்கள் இவள் கையில் காசு ஏதும் வைத்திருப்பார்களோ? இருக்காது. இருந்தாலும் இருக்கும்.

31-1-86

ஏழு வீட்டுக்கும் இந்த முறை முன்வாசல் வழியாகப் போனேன். வெட்கக்கேடு. அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னதும் நம்பினவர்கள் இன்றைக்கு என் மூஞ்சியை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

"ஏனுங்கக்கா, வேலூருக்குத் தனியாப் போயிட்டு வந்தீங்களாம். என்ன ஆசை காட்டினாங்க?" இது சுப்பம்மாள்.

"ஒண்ணும் காட்டலை. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"நீங்க தப்பாச் சொல்ற ஆளாக்கா? இப்பச் சொல்றதுதான் தப்பு."

என் பெருமையை எடுத்தே என் வாயை அடைத்தாள்.

செங்கோட்டையன் என்னோடு பேசவில்லை. மருமகள் மட்டும் சோறு போடும்போது மெதுவாக, "நல்லதுதானுங்க அத்தை" என்றாள். கண் டாக்டர் கதையை அவள் அன்றைக்கே நம்பவில்லை போல.

2-2-86, ஞாயிறு

எங்களோடு சேர்த்து ஐந்து வீடு வந்தது. ஆறு பிள்ளைகள். முன்னே எழுதின இரண்டோடு எட்டு. மூன்று வீடு வரவில்லை. பொழுது சாயும்வரை அந்தப் பிள்ளை நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நானும் இருந்தேன்.

பத்துக்கு எட்டு.

"மனசு சங்கடமாத்தான் இருக்குதுங்க ஆத்தா" என்றது. மாற்றி எழுதச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் மறுபடியும் சந்தேகப்பட்டிருப்பேன்.

30-5-86

கரையூருக்கு ஆறாம் வகுப்பு வந்துவிட்டதாம். வாத்தியார் சொன்னார். மூன்று மைல், வாய்க்கால் கரை வழி. ஓட்டில்லாத பிள்ளைகள் எழுதினதைக் கேட்டுத்தான் இருக்கிறார்கள்.

1-6-86

"வயசுக்கு வரப்போற பிள்ளை, ஊர் தாண்டி அனுப்பமாட்டேன்" என்கிறான் செங்கோட்டையன். "நம்மூருக்கு வரவேண்டியது. நாந்தான் ஊர் தாண்ட வெச்சேன். கூட நடக்கறதும் நானே நடந்துக்கறேன்" என்றேன். எழுந்து போய்விட்டான். போகாதே என்று சொல்லவில்லை.

9-6-86, திங்கள்

எட்டுப் பிள்ளைகளும் போனதுகள். நான் முன்னால். சௌந்திரம் என்னைத் தாண்டித் தாண்டி ஓடினாள். கால் வீங்கியிருக்கிறது, பரவாயில்லை.

திரும்பி வரும்போது சுப்பம்மாள் பேத்தி கொடிக்காலில் வெற்றிலைக் கூடையோடு நின்று கேட்டது, "உள்ள பெஞ்சு இருக்குதாங்காத்தா?" இருக்குது என்றேன்.

நேராக சுப்பம்மாள் வாசலுக்குப் போனேன். "இன்னும் சேத்துக்கறாங்க, இந்த வாரம் பூரா" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.