பால் மறக்கடித்தவன்

என் அன்பு மனைவிக்கு,

பாப்பாவும் நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வேலை பார்க்கும் வீட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் பண்ணைச் செய்தி. நான்காம் தொட்டியிலிருந்த கொடுவா மீன் குஞ்சுகள் அத்தனையும் போய்விட்டன. பிறந்ததிலிருந்து துள்ளி நீந்தும் உயிர் இரையைத்தான் அவை தின்னும். பிறகு தூள் தீவனத்துக்குப் பழக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பேர்தான் உனக்குத் தெரியுமே, பால் மறக்கடிப்பது. காலைப் பசியில் முதலில் தூளைத் தூவி, பிறகு உயிர் இரையைக் கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்த முறை மேனேஜர், "பசிச்சா தானா தின்னும்யா, சீக்கிரம் நிறுத்து" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டி, நாலே நாளில் நிறுத்திவிட்டேன். அசையாத தூளை அவை இரையென்றே நம்பவில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலேயே பட்டினி கிடந்தன. பயந்துபோய் மறுபடி உயிர் இரையை ஊற்றினேன். கண்ணுக்கு முன்னால் நீந்தியும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஒரு கட்டம் தாண்டினால் தின்னவே மறந்துவிடுமாம். அப்போதுதான் எனக்குப் பாப்பா ஞாபகம் வந்தது.

இனி உண்மையைச் சொல்கிறேன். பாப்பா தூங்கிவிட்டாள், டவர் இல்லை என்று மூன்று மாதமாக நான் சொன்னதெல்லாம் பொய். நீ பேசி வைத்த பிறகு அவள் போனைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அழுவாள். சோறு இறங்காது. அக்கா, "பிள்ளை ஏங்கிப் போறாடா, ஏதாவது பண்ணு" என்றாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தினமும் பேசியதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. அழுகை நின்றது, நன்றாகச் சாப்பிட்டாள். பெரிய கெட்டிக்காரன் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

தொட்டி செத்த அன்று வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கென்று நீ பாடி அனுப்பியிருந்த பாட்டைப் போனில் போட்டேன். முன்பெல்லாம் அதைக் கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வருவாள். இப்போது பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே, "யாருப்பா அது?" என்றாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று, நீ கிளம்பும்போது பாதி கிண்டலாக நான்தான் சொன்னேன். வளர்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது. நீ யாரோ பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்க, பெற்ற தகப்பன் நான் இந்தக் காரியத்தைச் செய்துவிட்டேன்.

இனித் தினமும் காலை ஏழு மணிக்குப் போனும் கையுமாக, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோபத்தில் கூப்பிடாமல் இருந்துவிடாதே. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, அவளிடம் மட்டும் அழுதுவிடாதே. அவள் யாரென்று கேட்பாள். அம்மா என்று சொல். மறுநாளும் கேட்பாள். மறுபடி சொல்லம்மா.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா