ஓரவரிசை

பதிவு 212
2061 ஜனவரி 17, திங்கள், காலை 6.40

எரிபயிர் ஆய்வுப் பண்ணை, ஆறாம் தொகுதி. பதிவாளர் முனைவர் பிரமநாயகி. வெப்பம் 23 பாகை. மின்கலங்கள் 81 விழுக்காடு. ஜெனரேட்டர் நம் சோளத்தின் எரிபொருளிலேயே ஓடுகிறது.

இதைப் பின்னால் படிப்பவருக்காக ஒரு விளக்கம். இந்தச் சோளத்தின் தண்டுக்குள் நாங்கள் குடியேற்றிய ஈஸ்ட், பயிர் நிற்கும்போதே சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். பிழிந்து காய்ச்சி வடித்தால் எரிபொருள். கதிரில் மணி பிடிக்காது. சுற்றிலும் நான்கு வரிசை நாட்டுச் சோளம் உண்டு. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காற்றும் அதிகம் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் வயலுக்குள் இறங்கும் முன்பே ஓரத்தை அறுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். என் விதி அது.

அறுவடைக்குத் தலைமை பேச்சித்தாய். வாக்கி-டாக்கியில் அவர்:

"அம்மா, ஓரத்த அறுத்து வண்டியில ஏத்தியாச்சு. எங்க வீட்டுக் கெடாவுக்கு இந்தத் தட்டைன்னா உசுரு. நேத்து அறுத்ததத் தின்னுட்டு ஒரே கரகாட்டம்! நீங்க பாக்கல போங்க. ஓவர்."

தண்ணீர் காட்டச் சொன்னேன். ரேடியோவை வைத்த பிறகுதான் உறைத்தது. நாட்டுச் சோளத் தட்டையில் போதை ஏது?

பதிவு 213
அதே நாள், 11.15

வண்டியிலிருந்து ஒரு தட்டைக்கட்டு இறக்கச் சொன்னேன். கதிர்கள் எல்லாம் பதர். தண்டை ஒடித்தால் கள் வாடை. பன்னிரண்டு மாதிரிகள் பார்த்தேன். பன்னிரண்டிலும் எங்கள் ஈஸ்ட்.

தாவியிருக்கிறது.

தாவுமா என்ற சோதனையைக் கண்ணாடிக் கூடத்தில் செய்தவர் இயக்குநர் ஞானதுரை. தாவாது என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பிப் பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்திட்டவள் நான். இந்த ஈஸ்டை ஏற்றிய விதையோடு லாரி புதன் காலை முப்பத்தெட்டு ஊர்களுக்குப் புறப்படுகிறது. அது போகக் கூடாது.

பதிவு 214
12.30

தலைமையகத்திலிருந்த ஞானதுரையைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"பதறாதீங்க மேடம். மாதிரியெல்லாம் பத்திரமா வைங்க. லாரி விஷயத்த எங்கிட்ட விட்டுருங்க."

எந்தப் பாத்தி என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மாதிரி என்றும் கேட்கவில்லை. இருபத்தொரு வருடப் பழக்கம். சந்தேகப்படுவது என் தொழில். அதை அவரிடம் மட்டும் நான் காட்டியதில்லை.

பதிவு 215
மாலை 4.05

பேச்சித்தாயிடம் கேட்டேன். பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"மூணு வருசமா ஓரத்துக் கதிரு சப்பைதாம்மா. மொத வருசமே டைரக்டரு பெரியய்யாகிட்ட சொன்னோம். 'உங்க அம்மாவுக்குத் தெரியும், அவங்கதான் ஓரத்த முதல்ல அறுக்கச் சொல்றாங்க, அவங்ககிட்ட இதப் பேசாதீங்க'ன்னுட்டாரு. நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னுல்லா நெனச்சுக்கிட்டோம். நமக்கெதுக்கு வம்புன்னு... ஓவர்."

மூன்று வருடம். என் விதியையே எனக்குத் திரையாகக் கட்டியிருக்கிறார்.

பதிவு 216
ஜனவரி 18, காலை 9.00

கேட் திறக்கவில்லை. பணியாளர்கள் நேற்று மாலையே ஊருக்குப் போய்விட்டார்கள்; உள்ளே நான் மட்டும். இணையமும் தொலைபேசியும் இல்லை. ஜெனரேட்டரின் எரிபொருள் வால்வைத் தலைமையகத்திலிருந்து மூடிவிட்டார்கள். மின்கலங்கள் 52. திரையில் நின்ற கடைசி அறிவிப்பு: "ஆறாம் தொகுதியில் தொற்று. காரணம், பொறுப்பு ஆய்வாளரின் கவனக்குறைவு. தொகுதி மூடப்படுகிறது." தொற்றுத் தடுப்பு நெறிமுறையின் நான்காம் பிரிவு. நான் எழுதிய பிரிவு.

கூடவே ஞானதுரை விட்டிருந்த குரல்பதிவு:

"உங்க நல்லதுக்குத்தான் மேடம். கையெழுத்து உங்களோடது, வெளிய வந்து கத்துனா யாருக்கு அசிங்கம்? லாரி நிக்காது. மூணு வாரம் ரெஸ்ட் எடுங்க, நானே வந்து திறக்குறேன். அரிசி பருப்பெல்லாம் இருக்குல்ல?"

இருக்கிறது. ஒரு மூட்டை அரிசி.

பதிவு 217
ஜனவரி 19, புதன், 7.10

மின்கலங்கள் 17. பேச்சித்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறைக்கவில்லை என்பதையும். அவர்: "இத நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? லாரி எங்க ஊரத் தாண்டித்தான போகணும். ஓவர்."

8.25

"மறிச்சிட்டோம்மா! பதினோரு பொம்பளைங்க ரோட்டுல உக்காந்துருக்கோம். டிரைவரு சாவிய எங்கிட்டயே குடுத்துட்டு டீக்கடைக்குப் போயிட்டான். ஓவர்!"

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு விதையும் போகவில்லை.

8.40

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இங்க எல்லாரும் கேக்காக. இந்த வருசம் எங்க கம்பும் சப்பையாத்தான் போச்சு. மழை இல்லாததுனாலன்னு இருந்தோம். ஓரத்துத் தட்டைய மாட்டுக்குப் போட்டு, சாணிய வயலுக்குத்தான அடிச்சோம்? மிச்சத்த சந்தையில வேற வித்தோம். மூணு வருசமா. அதுனாலயாம்மா? ஓவர்."

9.15

மின்கலங்கள் 6. சுவரில் பழைய சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது: "அறுத்த ஓரவரிசைத் தட்டையைப் பணியாளர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்." கீழே என் கையெழுத்து. இதை யாரும் ஏமாற்றி வாங்கவில்லை.

கேட் வரை நடந்தேன். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, சாலையோரம் முளைத்திருந்த புல்லில் ஒரு பிடி கிள்ளினேன். கசக்கி முகர்ந்தேன். அதே கள் வாடை.

"அம்மா, இருக்கீகளா? ஏதாவது சொல்லுங்க. ஓவர்."

மின்கலங்கள் 3. அரிசி ஒரு மூட்டை. சோளம், கம்பு போல நெல்லும் புல்லினம்தா