உடையாத கொளுக்கி

செவ்வாய், இரவு.

கோபம் அடங்கவில்லை. குவைத்திலிருந்து நான் திரும்பிய அன்று, விமான நிலையத்தில் என் சூட்கேஸ் வாய் பிளந்தது. அத்தனை ஆண்களும் பார்த்து நிற்க, உள்ளாடைகளைக் குந்தியிருந்து பொறுக்கினேன். அதே சூட்கேஸுக்கு நானே ஒரு கொளுக்கிப் பூட்டுச் செய்தேன். ஒரு சுருள்வில், கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் ஒரு பல், அவ்வளவுதான். எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவுக்குப் பல் இறுகும்.

இன்று பூட்டோடு அந்தச் சூட்கேஸை, குவைத் போகுமுன் அதை எனக்கு விற்ற துறைமுக வீதிக் கடை முதலாளியிடமே கொண்டுபோனேன். மாடிப்படியில் உருட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.

"நல்ல சாமான்தான் தங்கச்சி. ஆனா உடையாட்டி ஆர் திரும்பி வாங்க வருவினம்? ஒரு வருசத்தில விட்டுப்போற மாதிரிச் செய்து தாங்கோ, எடுக்கிறன்."

"ஏலாது" என்றேன்.

"அப்ப மாதிரிக்கு இந்தப் பூட்டை வச்சிட்டுப் போங்கோ."

அவன் முன்னாலேயே பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். "உங்கட சாமான் உங்களுக்கே" என்று சொல்லி, வாய் பிளந்த சூட்கேஸை வாடிக்கையாளர் வரும் வழியில் வைத்துவிட்டு வந்தேன்.